மூக்கை மட்டும் தொடாதீங்க

சார், கொஞ்சம் அந்தப் பக்கம் சாஞ்சு உக்காருங்க சார். கோவிச்சுக்காதீங்க. உங்க முட்டி படுது பாருங்க, இறகு ஒடிஞ்சிருச்சுன்னா தூத்துக்குடியில என்னை உயிரோட விட மாட்டாங்க. ஆங், அப்படி. ரொம்ப சந்தோஷம்.

என்னன்னு பாக்குறீங்களா? எல்லாரும்தான் பாக்குறாங்க. ஏறும்போதே கண்டக்டர் பிடிச்சுக்கிட்டாரு. சிவகாசியில ஏறுற ஆளு, நீளமா துண்டுல சுத்தின சாமான், கேக்கவா வேணும்? "பெரியவரே, பஸ்ல பட்டாசு ஏத்தக் கூடாது தெரியுமில்ல?"ன்னாரு. "யாருகிட்டய்யா சொல்ற? முப்பத்தோரு வருஷம் பட்டாசுக் கம்பெனியில ஃபோர்மேன் நான். இதுல மருந்து ஒரு குண்டுமணி கிடையாது, வெறும் கூடு, வேணும்னா மோந்து பாரு"ன்னு நீட்டினேன். மோந்து பாத்தாரு சார்! சந்தன வாசம் அடிக்குதேன்னு சொல்லிட்டுப் போறாரு. அடிக்கும். பொட்டு வச்சிருக்குல்ல.

ராக்கெட்டு சார் இது. தீபாவளி ராக்கெட் இல்லை. அதெல்லாம் நான் லட்சக்கணக்குல பாத்தாச்சு. இது நெசமான ராக்கெட்டோட அச்சு. கேரளாவுல தும்பான்னு ஒரு ஊர்ல இருந்து அந்தக் காலத்துல விட்டாங்க பாருங்க, அந்த மாதிரி ஒரு ராக்கெட்டை இருபதுல ஒரு பங்கா சுருக்கியிருக்கு. பட்டை, கோடு, கலரு, எழுத்து, எதுவும் மாறாது. மாறாம மேலயும் போகும். போயிட்டு, கேளுங்க, திரும்பி வரும்.

தொட்டுப் பாருங்க, சும்மா தொடுங்க. எங்க வேணாலும் தொடுங்க, மூக்கை மட்டும் தொடாதீங்க. என் வீட்டுக்காரம்மா உத்தரவு. அந்தா, முன்னாடி லேடீஸ் சீட்டுல ஊதாச் சீலை, தலையில கனகாம்பரம், அவதான். பாக்கியத்தாய். பஸ் ஏறும்போது கூட என்னைப் பாத்து, "மூக்கைத் தொடாதீங்க"ன்னு விரலை ஆட்டிட்டுத்தான் போயி உக்காந்தா. பொட்டு வச்ச இடமாம். பக்தி. நான் ஒண்ணும் சொல்லிக்கிறதில்லை.

ஆனா சார், காதைக் கொடுங்க. சட்டைப் பையில பாருங்க. பசை. புது டியூப். தூத்துக்குடி போறதுக்குள்ள அந்த மூக்குல இன்னொரு கோட்டு போட்டுறணும். ஏன்னு சொல்றேன். மொதல்ல இருந்து சொன்னாத்தான் ருசி.

எங்களுக்குக் கல்யாணம் எண்பத்தொண்ணுல. பாக்கியத்துக்கு ஒரே அண்ணன், அழகுரத்தினம், எனக்கு மச்சான். சொந்த ஊர் தூத்துக்குடி, அப்பக் கப்பல்ல வேலை. நீங்களே நினைச்சுப் பாருங்க, கப்பல்ல இருக்கிற மச்சான் கல்யாணத்துக்கு வர்றாருன்னா மாப்பிள்ளை என்ன எதிர்பாப்பான்? வாட்சு. இல்லைன்னா டேப் ரிக்கார்டரு. எங்க தெருவே எதிர்பாத்துச்சு. மச்சானும் மேடையேறி நீளமா ஒரு பெட்டியைக் கொடுத்தாரு. கனமே இல்லை. திறந்து பாத்தா என்ன தெரியுமா? காகிதக் குழாய் ரெண்டு, பல்சான்னு நெட்டி மாதிரி ஒரு மரத்துல பலகை நாலு, ஒரு மூக்கு, நூலு, ஒரு பிளாஸ்டிக் தாள், இங்கிலீஷ்ல ஒரு புத்தகம். மேல ராக்கெட் படம்.

சார், நான் வேலை பாக்குறது ராக்கெட் செக்‌ஷன்ல! கொல்லத் தெருவுல ஊசி விக்கலாமா? என் கூட்டாளிக மேடைக்குக் கீழ நின்னு விழுந்து விழுந்து சிரிக்கிறானுக. எனக்கு வந்துச்சே ஆத்திரம். மைக் வேற பக்கத்துல இருந்துச்சா, "என்ன மச்சான், நான் கம்பெனியில தினம் பத்தாயிரம் செய்றேன், இது பத்தாயிரத்து ஒண்ணா?"ன்னு கேட்டுட்டேன். மண்டபமே சிரிச்சிருச்சு.

மச்சான் முகம் சுருங்கிப் போச்சு. "மாப்ள, இது உங்க ராக்கெட் மாதிரி போனா போன இடம்னு போறது இல்லை. மேல போயி, குடை விரிச்சு, முழுசாத் திரும்பி வரும்"ன்னாரு. நான் விடுவேனா? "விட்ட ராக்கெட் திரும்பி வந்து எந்த ஊர்ல மச்சான் பாத்தீங்க? கப்பல்ல சரக்கு ஜாஸ்தியோ?"ன்னேன். சின்ன வயசு சார். இருபத்தஞ்சு. நாக்குக்கு எலும்பில்லை.

அவரு தோள்ல கிடந்த துண்டை உதறினாரு. "இது என்னிக்கு மேல போயி முழுசாத் திரும்பி வருதோ, அன்னிக்குத்தான் உங்க வீட்டுல கை நனைப்பேன்"னு சொல்லிட்டு இறங்கிப் போனாரு. கல்யாணச் சாப்பாடு கூடச் சாப்பிடலை. தங்கச்சி கல்யாணத்துல அண்ணன் சாப்பிடாமப் போறாரு. பாக்கியம் மாலையோட நின்னுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா.

அதுக்கப்புறம் நாப்பத்திரண்டு வருஷம் சார். சண்டைன்னு சொல்ல முடியாது. எங்க மக சாந்தினிக்குக் காது குத்துனோம், தாய்மாமன் மடியில உக்காத்தி வச்சுக் குத்தணும்ல? வந்தாரு, கோயில்ல உக்காந்தாரு, குத்தினதும் எந்திரிச்சுப் போயிட்டாரு. மக கல்யாணத்துக்கு வந்தாரு, சீர் செஞ்சாரு, பந்தி நேரத்துல ஆளைக் காணோம். வெளியில டீக்கடையில பன்னு தின்னுக்கிட்டு நின்னாரு. பச்சைத் தண்ணி குடிக்கலை எங்க வீட்டுல. பாக்கியம் ஒவ்வொரு தடவையும் அவருக்குன்னு ஒரு இலையை அறுத்து வைப்பா, சாயங்காலம் மாட்டுக்குப் போடுவா. நான் என்ன செய்ய? வீம்பு பிடிச்ச மனுஷன். ஒரு வார்த்தை எறங்கி வந்தா நான் மறுக்கவா போறேன்? நானாக் கூப்பிடுறது முறையில்லை, நான் மாப்பிள்ளை.

இந்தத் தை மாசம் வீட்டுக்கு வெள்ளையடிச்சோம். பரண்ல இருந்ததை எல்லாம் கீழ இறக்கினா பாக்கியம். அதுல அந்தப் பெட்டி! வேப்பிலை, பாச்சா உருண்டை எல்லாம் போட்டு, என் பழைய வேட்டியில சுத்தி, நேத்து வாங்கினது மாதிரி இருக்கு. எப்படித்தான் கெடாம இருந்துச்சோ, எங்க வீட்டுப் பரண் அவ்வளவு ராசி. நான் ரிட்டயர் ஆகி ஏழு வருஷம், பேப்பரைப் படிச்சுட்டு, படிச்ச பேப்பரையே திரும்பப் படிச்சுக்கிட்டுக் கிடக்கேன். அவ வந்து கேக்குறா, "என்னங்க, இந்தக் குப்பையத் தூரப் போட்டுறட்டுமா? இதெல்லாம் உங்களுக்கு ஒட்டத் தெரியாது"ன்னு.

எனக்கு! ராக்கெட் ஃபோர்மேனுக்கு! தூரப் போடுறதாவது? "மாப்பிள்ளைச் சீருடி அது, கொண்டா இங்க"ன்னு பிடுங்கிட்டேன். பெட்டி மேல ஒரு மூலையில "பாக்கியத்துக்கு"ன்னு மச்சான் பேனாவால எழுதியிருந்தாரு. மாப்பிள்ளை பேரை எழுத வேண்டிய இடத்துல தங்கச்சி பேரை எழுதியிருக்காரு பாருங்க. அவசரத்துல எழுதினது.

அன்னையில இருந்து சார், நான் எங்க வீட்டுல மனுஷனா இல்லை. பதினெட்டு வயசுப் பையன் மாதிரி ஆயிட்டேன். காலையில எந்திரிச்சு பல்லுகூட விளக்காம ராக்கெட்டு. மத்தியானம் சோத்துத் தட்டுக்குப் பக்கத்துல ராக்கெட்டு. முழுக்க முழுக்க நான்தான் செஞ்சேன். நான் திட்டம் போடுவேன், அவ சும்மா ஒட்டுவா. கல்யாணமாகி வந்ததுல இருந்து வீட்டுல தீப்பெட்டி ஒட்டினவ, மாம்பழப் படம் போட்ட லேபிள். அந்த லேபிள் கட்டு இன்னமும் வீட்டுல கிடக்கு. விரல் நகத்தால ஒரு இழுப்பு இழுத்தான்னா ஒரு சுருக்கம் இருக்காது, ஒரு சொட்டுப் பசை வெளிய வராது. அதெல்லாம் பழக்கம், அதுல மூளைக்கு வேலை இல்லை.

குழாய்ல ஒரு பக்கம் நசுங்கியிருந்துச்சு. அதை அவ ஈரம் காட்டி, உள்ள பூரிக் கட்டையைக் கொடுத்து, உருட்டி உருட்டி நேராக்கிட்டா. இறகு நாலும் ஒரு நூல் பிசகாம நிக்கணும்னு புத்தகத்துல இருக்கு. அவ ஒரு அட்டையில தடம் வெட்டி அதுல சொருகி நிறுத்தினா. பெயிண்டு அடிக்கும்போதுதான் எங்களுக்குச் சண்டையே. நான் ஸ்கேலை வச்சுக் கறுப்புப் பட்டையை அளந்து கோடு போட்டாச்சு. அவ பெட்டி மேல இருந்த படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டு, "படத்துல ரெண்டு பட்டையும் ஒரே மட்டத்துல இல்லைங்க, இந்தப் பக்கம் ஒரு நெல்லு உசரம் கூட"ங்கிறா. ஒரு நெல்லு உசரமாம்! யாரு பாக்கப் போறான்னேன். "அண்ணன் பாப்பாக"ன்னா. பேசாம அழிச்சுட்டுப் போட்டேன். படத்தைப் போன்ல பிடிச்சுப் பெருசாக்கிப் பாத்தா, அட, அவ சொன்னதும் சரிதான்.

குடைக்கு வச்சிருந்த பிளாஸ்டிக் தாளு, தொட்டா அப்பளமா நொறுங்குது. அதுக்கு என்ன செய்யலாம்னு நான் ரெண்டு நாளு யோசிச்சேன். யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அவ ஒரு நைலக்ஸ் சீலையை வெட்டித் தச்சுட்டா. மஞ்சள்ல ஊதாப் பூப் போட்டது. கல்யாணத்துக்கு முன்னாடி மச்சான் கப்பல்ல இருந்து மொதல் மொதல்ல கொண்டாந்து கொடுத்ததாம், நான் அவ கட்டிப் பாத்ததே இல்லை. மோதிரத்துக்குள்ள நுழைஞ்சு வந்துரும், அவ்வளவு மெலிசு. "நல்ல சீலையப் போயி வெட்டிட்டியே"ன்னேன். "கட்ட வேண்டிய நேரத்துக்கு எடுத்திருக்கேன்"னா. பொம்பளைக பேச்சு நமக்கு எங்க புரியுது.

ஏன் இவ்வளவு ஆசைன்னு ஒரு நா கேட்டேன். அவளுக்கு நாலஞ்சு வயசு இருக்கும்போது ஒரு சாயங்காலம், மச்சான் அவளைத் தோள்ல தூக்கி வச்சு மேக்கால வானத்தைக் காட்டினாராம். ஆரஞ்சுக் கலர்ல ஒரு மேகமாம். தும்பாவுல ராக்கெட்டு விட்டு மேல போயி ஏதோ பொடியைத் தூவிப் பாத்திருக்காங்க. "பெருசானதும் உனக்கு ஒரு ராக்கெட் வாங்கித் தாரேன் பாப்பா"ன்னாராம். அந்த ராக்கெட்டை என்னிக்காவது வாங்கிக் கொடுத்தாரான்னா, அவ பெட்டியோட மூலையைத் துடைச்சுக்கிட்டு இருக்கா. மறந்திருப்பாரு. கப்பல் வேலை அலைச்சல்.

இப்ப மூக்குக் கதைக்கு வர்றேன். இதுதான் ரகசியம், அவளுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

சார், எங்க செக்‌ஷன்ல எனக்கு ஒரே ஒரு சட்டம். ஆடக் கூடாது. குச்சி ஆடக் கூடாது, கூடு ஆடக் கூடாது, மூடி ஆடக் கூடாது. ஒவ்வொரு கட்டுலயும் ஒண்ணை எடுத்துக் காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாப்பேன். ஆடுச்சா, தள்ளு. முப்பத்தோரு வருஷம் என் கை வழியாப் போன ராக்கெட்டுல மூக்குக் கழண்டதுன்னு ஒரு புகார் வந்ததில்லை. இங்க என்னடான்னா எல்லாம் முடிஞ்சு பாத்தா மூக்கு ஆடுது! சொருகினா நிக்குது, தலைகீழாக் கவுத்தா லொடக்குன்னு கழண்டு வருது. அவ அகராதியை வச்சுக்கிட்டு அந்த இங்கிலீஷ் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிறா, "மூக்கை ஒட்டாதேன்னு போட்டிருக்குங்க. மேல போனதும் மூக்குக் கழண்டாத்தான் குடை வெளிய வருமாம்." நான் சொன்னேன், "அது அமெரிக்காக்காரன் பசைக்கு எழுதினது. அந்த உசரத்துல காத்து என்ன வேகம் தெரியுமா? அதது அந்த நேரத்துக்குத் தானாப் பிச்சுக்கிட்டு வரும்." அவ கேக்கலை. ஒட்டக் கூடாதுன்னா ஒட்டக் கூடாதுன்னு நிக்கிறா.

ராக்கெட்டு விட ரெண்டு நாளு இருக்கு. அவ ரேஷன் கடைக்குப் போயிருந்தா. நான் மூக்கைக் கழட்டி, சுத்திப் பசையைத் தடவி, அமுக்கி, ஒரு மணி நேரம் பிடிச்சுக்கிட்டே உக்காந்துட்டேன். ஆட்டிப் பாத்தேன். ஆடலை. ஆகா! அன்னைக்குத்தான் நிம்மதியா சாப்பிட்டேன். "விரல்ல என்ன பசை?"ன்னு கேட்டா. "செருப்பு ஒட்டினேன்"னேன். என் செருப்பைத் திரும்பிப் பாத்துட்டு உள்ள போயிட்டா. நம்பிட்டா.

மருந்துக்கு என்ன செஞ்சேன்னு கேக்கலையே நீங்க? வீட்டுல மருந்தைத் தொடவே மாட்டேன் சார், அதுல மட்டும் நான் கறார். அந்த மருந்து ரூம் என்ன செய்யும்னு பாத்தவன். கோயமுத்தூர்ல ஒரு காலேஜ்ல ராக்கெட் சங்கம் இருக்கு, அதை நடத்துற ரெஜினா மேடத்துக்குப் பாக்கியம்தான் போன் போட்டு, ராக்கெட் வயசைச் சொல்லியிருக்கா. அந்தம்மா துள்ளிக் குதிச்சு, அனுமதி எல்லாம் வாங்கி, எஞ்சினோட நானே வர்றேன்னுட்டாங்க.

அதை விட அதிசயம், மச்சான் வந்தாரு! நாங்க சொல்லவே இல்லை. பங்குனியில ஒரு ஞாயித்துக்கிழமை, ராக்கெட்டு விடுற அன்னைக்கே, பத்து மணிக்கு வாசல்ல வந்து நிக்கிறாரு. எழுபத்திரண்டு வயசு, ஒரு கையில தங்கச்சிக்கு மக்ரூன் டப்பா, இன்னொரு கையில அவருக்குத் தயிர்சோறு, தண்ணி. சொந்தத் தண்ணி சார்! வந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "மாப்ள, நீங்களே எறங்கி வந்து கூப்பிட்டு நான் வராம இருப்பேனா?"ங்கிறாரு. நான் எங்க கூப்பிட்டேன்? அவரா வந்தவரு, கௌரவத்துக்கு அப்படிச் சொல்றாரு. சரி, வயசான மனுஷன் மனசு நோகக் கூடாதுன்னு நானும் தலையை ஆட்டிட்டேன். பெருந்தன்மைதானே சார்? பாக்கியம் அந்த நேரம் பாத்து முருங்கை மரத்தை அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கிறா, காய் இருக்கான்னு.

உள்ள வரலை அவரு. வேப்பமரத்தடியில நாற்காலி போடச் சொல்லி, அங்கேயே தயிர்சோறைத் தின்னாரு. உள்ள பாக்கியம் விடியக்காலையில இருந்து சமைச்சு வச்சிருக்கா. பருப்பு, சாம்பார், அவியல், ரெண்டு பொரியல், வடை, பாயசம். எனக்குக்கூடப் போடலை. "திரும்பி வந்ததும் சாப்பிடலாம்"னா. யாரு திரும்பி வந்ததும்னு நான் கேக்கலை. அவளும் பச்சைத் தண்ணி பல்லுல படாம நின்னா. அப்பத்தான் சார் எனக்கு உறைச்சுச்சு. இது பொம்மை இல்லை, நாப்பத்திரண்டு வருஷ இலை ஒண்ணு உள்ள காத்துக்கிட்டு இருக்குன்னு.

நாலரைக்கு ராகுகாலம், அதுக்குள்ள விட்டாகணும். கிளம்பப் போற நேரத்துல அவ ராக்கெட்டைத் தூக்கிக்கிட்டுச் சாமி ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டா. பொட்டு வைக்கணுமாம். அரை மணி நேரம் சார்! அரை மணி நேரமாவா ஒரு பொட்டு? நான் வெளிய நின்னு கத்துறேன், ரெஜினா மேடம் கடிகாரத்தைப் பாக்குறாங்க, உள்ள இருந்து ஒரு சத்தமும் இல்லை. மைதாப் பசை காய்ச்சின வாடை லேசா வந்துச்சு, அடுத்த வீட்டுல எதுவோன்னு நினைச்சேன். கதவைத் திறந்து வந்தா, மூக்குல சந்தனம், குங்குமம். "இனிமே மூக்கைத் தொடாதீங்க"ன்னா. அன்னையில இருந்துதான் இந்த உத்தரவு.

மக்காச்சோளம் அறுத்த கரிசக்காடு. ஊரே திரண்டு வந்திருச்சு. ரெஜினா மேடம் எஞ்சினைச் சொருகிட்டு, "மூக்கு ஃப்ரீயா இருக்கா?"ன்னு கேட்டாங்க. "பக்கா மேடம்"னேன். பாக்கியமும், "பக்கா"ன்னா. நான் சொல்றதை அவ அப்படியே திருப்பிச் சொல்றது எங்க வீட்டுல நடக்காத விஷயம், எனக்கே ஆச்சரியம்.

அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு கூட்டமே கத்துது. சுவிட்சை அமுக்கினாங்க. ஒண்ணும் நடக்கலை. ஒரு நொடிதான் சார், என் கை தன்னால பைக்குள்ள போயி ஊதுவத்தியை எடுத்திருச்சு! பத்த வச்சு நாலு எட்டு வேற போயிட்டேன். பழக்க தோஷம். அந்த மேடம் போட்ட சத்தம் இருக்கே, இன்னும் காதுல நிக்குது. வயரு ஒண்ணு கழண்டிருந்துச்சு. கொஞ்ச நேரம் விட்டு, மாட்டிட்டு, திரும்ப அஞ்சு, நாலு, மூணு...

ஸ்ஸ்ஸ்ஸ்!

போச்சு சார்! என்ன போக்கு! நம்ம ராக்கெட்டெல்லாம் ஆடிக்கிட்டே போகும், இது கோடு கிழிச்ச மாதிரி நேரா. நான் குதிக்கிறேன், வேட்டி அவுந்ததுகூடத் தெரியலை, உள்ள டவுசர் போட்டிருந்தேன், பரவாயில்லை. மேல போயி ஒரு கடுகு மாதிரி ஆயிருச்சு. அப்படியே நின்னுச்சு. கவுந்துச்சு. கீழ வருது. மூக்குக் குத்தி நேரா வருது. குடையைக் காணோம். மூக்குல இருக்கிற பசை எனக்கு மட்டும்தானே தெரியும்! ஐயோ பாவி, கெடுத்தியேடான்னு கண்ணை மூடிட்டேன்.

டப்புன்னு ஒரு சத்தம். கூட்டம் "ஓ"ன்னு கத்துது. கண்ணைத் திறந்தா மஞ்சக் குடை! ஊதாப் பூப் போட்ட மஞ்சக் குடை, வானத்துல தனியா ஆடி ஆடி வருது. என் பசை சார்! உசரம் போற வரைக்கும் பிடிச்சிருந்துட்டு, சரியான நேரத்துக்கு விட்டிருக்கு. அதுதான் தரம்.

மச்சான் அண்ணாந்து அந்தத் துணியையே பாக்குறாரு. "பாப்பா, இது நான் கொடுத்த சீலை"ன்னாரு. அறுபத்தஞ்சு வயசுக்காரியைப் பாப்பான்னு கூப்பிடுறாரு. பாக்கியம் தலையை ஆட்டுறா, வாயில முந்தானை. மச்சான் கண்ணுல தண்ணி. மேற்கு வெயில் நேரா அடிச்சுச்சு, என் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டிக் கொடுத்தேன், வாங்கிக்கலை. காத்து குடையைக் கிழக்கால தள்ளுச்சு. மனுஷன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடினாரு சார்! மூட்டு வலிக்காரரு, சோளத்தட்டை குத்தக் குத்த ஓடி, ரெண்டு கையையும் நீட்டினாரு. ஒரு முழம் தள்ளி விழுந்துச்சு.

பாக்கியம் மொதல் வேலையா குடையைச் சுருட்டி உள்ள வச்சு மூக்கைச் சொருகிட்டா. எல்லாரும் சுத்தி நின்னோம். முழுசா இருக்கணும்ல? அவரு சொன்னது முழுசாத் திரும்பி வரணும்னு. ராக்கெட்டைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. கறுப்புப் பட்டையைப் பாத்தாரு, "படத்துல இருக்கிற அந்த ஒரு நெல்லு உசரத்தைக்கூட விடாம வச்சிருக்கீகளே"ன்னாரு. பாக்கியம் என்னை ஒரு பார்வை பாத்தா. அப்புறம் இறகுகிட்ட வந்தாரு. ஒரு இறகுல ஓரம் லேசா உதிர்ந்திருக்கு. இந்தா, இங்க, நகம் அளவு. நான் பாத்துட்டேன். மச்சான் தங்கச்சி முகத்தைப் பாத்தாரு. பாத்துட்டு, அந்த இடத்துலேயே கட்டை விரலை வச்சுக்கிட்டு, "முழுசா இருக்கு"ன்னாரு.

கண்ணுல புரை அவருக்கு, தெரியலை. நான் எதுக்குச் சொல்லணும்? சொல்லலை. நான் மட்டும் அன்னைக்கு வாயைத் திறந்திருந்தா என்ன ஆயிருக்கும்!

வீட்டுக்கு வந்து கை கழுவிட்டு உக்காந்தாரு. பாக்கியம் இலையைப் போட்டா. பாயசத்து மேல ரசத்தை ஊத்திட்டா. அவரு அதையும் உறிஞ்சிக் குடிச்சுட்டு, "நல்லாருக்கு பாப்பா, இன்னும் கொஞ்சம்"ங்கிறாரு. அவ சிரிக்கிறா, அழுகுறா, சிரிக்கிறா. சார், அவ்வளவு நாளு நான் பக்கத்துலேயே உக்காந்து மூணு வேளை தின்னவன், அவ அப்படிச் சிரிச்சு ஒரு நாளும் பாத்ததில்லை.

இப்ப அவரு வீட்டுக்குத்தான் போறோம். கடக்கரை ஓரமா தருவைன்னு ஒரு பொட்டல், அங்க ரெண்டாவது தடவை விடணுமாம், எஞ்சினோட ரெஜினா மேடம் அங்க வந்துருவாங்க. மூணு நாளு தங்கி... எட்டயபுரம் வந்திருச்சா? அதுக்குள்ளயா? ஆ, மெதுவாய்யா டிரைவரு! வேகத்தடையில இப்படியா தூக்கிப் போடுவ? சார், பிடிங்க, பிடிங்க! மூக்கு!

கழண்டிருச்சு. உருண்டு போச்சு, உங்க காலுகிட்ட. உடையலையே? கொடுங்க. தானாவா கழண்டுச்சு? எப்படிக் கழலும், நான் ஒரு மணி நேரம் பிடிச்சு...

இது என்ன சார் இது. கழுத்துல சுத்தி ஏதோ காகிதம் ஒட்டியிருக்கே. என் கண்ணாடி, இந்தா இருக்கு. என் பசையைக் காணோம். சுத்தமா பிளேடால அறுத்து, தேச்சு எடுத்திருக்கு. அது மேல ஒரு சுத்து காகிதம். சொருகினா நிக்கும், இழுத்தா வரும், அந்த அளவுக்கு.

மாம்பழம் சார். மாம்பழப் படம். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு சொட்டுப் பசை வெளிய இல்லை. இந்த ஒட்டு எனக்குத் தெரியாதா?

அரை மணி நேரம் பொட்டு வச்சா சார்.

...

சார், ஒண்ணு கேக்குறேன். மச்சான் அன்னைக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நான் எறங்கி வந்து கூப்பிட்டேன்னு சொன்னாருல்ல. நான் கூப்பிடலைல்ல? அப்ப யாரு...

சிரிக்காதீங்க சார். சரி, சிரிங்க. எனக்கே சிரிப்புத்தான் வருது. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு வருது.

பாக்கியம்! ஏ பாக்கியம்! ஒண்ணுமில்லை, தண்ணி வேணுமான்னு கேட்டேன். பாத்தீங்களா, திரும்பிக்கூடப் பாக்கலை, "மூக்கைத் தொடாதீங்க"ங்கிறா. தொடலைம்மா, தொடலை!

இந்தாங்க சார், இந்தப் பசை டியூப்பை நீங்க வச்சுக்கங்க. புதுசு, இன்னும் திறக்கலை. உங்க வீட்டுல செருப்பு கிருப்பு ஏதாவது பிஞ்சிருக்கும். வச்சுக்கங்க சார், அவ பாக்குறதுக்குள்ள பையில போடுங்க.